பழைய வண்டியும் புதிய பெட்ரோலும்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக விதை, உரம், பூச்சிமருந்து பற்றித்தான் உங்களோடு பேசுவேன். இன்றைக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். வேளாண்மை அலுவலருக்கு இதிலே என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

பெரம்பலூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கிற வட்டாரத்திலே, 2025-ஆம் ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், அறுபது வயது தாண்டிய விவசாயி ஒருவர் தம் பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டே அலுவலக வாசலுக்கு வந்தார். பின்னாலே இரண்டு பால் கேன் கட்டியிருந்தது. வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார்.

"என்னங்கய்யா, வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அதை நீங்கதான் சார் சொல்லணும். மக்காச்சோளம் போடுங்க, போடுங்கன்னு சொன்னது நீங்க. போட்டேன். படைப்புழுவோட மல்லுக்கட்டி வெளைய வெச்சு வித்தேன். இப்போ அதையே சாராயமாக் காய்ச்சி பெட்ரோல்ல ஊத்திட்டாங்களாம். என் சோளமே என் வண்டியில வந்து உக்காந்துக்கிட்டு ஓட விடமாட்டேங்குது. மூணு நாளா பால் சொசைட்டிக்கு நடந்து போறேன்" என்றார்.

பக்கத்திலே இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை. அவர் சொன்னதிலே முக்கால் பங்கு உண்மை. வண்டி நின்றால் பால் கெடும், பால் கெட்டால் அன்றைய வரும்படி போச்சு. ஊரிலே இப்படிப் பழைய வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு. எரிசாராயம் பெட்ரோலிலே எப்படி வந்தது, பழைய வண்டிக்கும் அதற்கும் ஏன் ஒத்துப்போவதில்லை, நாம் என்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

பெட்ரோலுக்கு மூத்தது

எரிசாராயம், அதாவது எத்தனால், நேற்றைக்கு முளைத்த சரக்கல்ல. வண்டிக்கு எரிபொருளாகப் பெட்ரோல் வருவதற்கு முன்பே அது எஞ்சினுக்குள் போய்விட்டது. 1826-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சாமுவேல் மோரி என்பவர் எரிசாராயமும் டர்பன்டைன் எண்ணெயும் கலந்து ஓடுகிற எஞ்சின் ஒன்றைச் செய்துகாட்டினார். அப்போது மோட்டார் சைக்கிள் என்ற பேரே கிடையாது.

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே ஜெர்மனி நாட்டு விவசாயிகள் உருளைக்கிழங்கை ஏராளமாக விளைவித்தார்கள். அதிலிருந்து சாராயம் காய்ச்சி, விளக்குக்கும் அடுப்புக்கும் எஞ்சினுக்கும் பயன்படுத்த அந்த அரசு ஊக்கம் கொடுத்தது. எண்ணெய்க் கிணறு அதிகம் இல்லாத நாடு. வயலிலே விளைவதைக் கொண்டு எஞ்சினை ஓட்டலாமே என்ற எண்ணம். பிரான்சிலே 1923-இல் ஒரு சட்டமே போட்டார்கள். பெட்ரோல் இறக்குமதி செய்கிறவர்கள் உள்நாட்டு எரிசாராயத்தையும் வாங்கிக் கலக்க வேண்டும் என்று. இங்கிலாந்திலே "க்ளீவ்லண்ட் டிஸ்கால்" என்ற பெயரிலே எரிசாராயம் கலந்த பெட்ரோல் 1920-களின் கடைசியிலிருந்து 1960-கள் வரை விற்பனையானது. அந்தக் காலத்து ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களிலே அதை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

ஆகவே பெருமக்களே, விளைபொருளுக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவு நூறு வருஷத்துக்கும் மேலானது. எங்கே தானியமோ கிழங்கோ கரும்போ மிஞ்சியதோ, எங்கே எண்ணெய்க்குப் பஞ்சமோ, அங்கெல்லாம் இந்த யோசனை தலைதூக்கியிருக்கிறது.

ஈயம் குறுக்கே வந்த கதை

அப்படியானால் அது ஏன் நிலைக்கவில்லை? இரண்டு காரணம். பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது ஒன்று. ஈயம் வந்தது இன்னொன்று.

எஞ்சினுக்குள் பெட்ரோல் வேளை தப்பி வெடித்தால் "டக் டக்" என்று தட்டும். மேடு ஏறும்போது சுமை வண்டியிலே இதைக் கேட்டிருப்பீர்கள். 1921 டிசம்பரிலே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைக் கொஞ்சமே கொஞ்சம் பெட்ரோலில் விட்டால் இந்தத் தட்டல் நின்றுவிடுகிறது என்று கண்டார். எரிசாராயம் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்று அவர்களுக்கே தெரியும். ஆனால் ஈயம் துளியளவு போதும், செலவு குறைவு. ஈயமே ஜெயித்தது. ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரிந்த விஷயம். 1924-இல் நியூ ஜெர்சியில் இதைத் தயாரித்த இடத்திலே 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்படியிருந்தும் உலகம் முழுக்க அது பரவியது. நம் நாட்டிலே ஈயம் கலந்த பெட்ரோலை முழுவதுமாக நிறுத்தியது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியிலேதான். உலகத்திலே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல்.

நம் நாட்டிலே

நம் கதைக்கு வருவோம். 1932-இல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரி வந்தது. அதன் பின் ஆலைகள் மளமளவென்று பெருகின. கரும்பு ஆட்டிச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற பாகு, மொலாசஸ் என்கிறோமே, அது குளம் குளமாகத் தேங்கி நாறியது. இதை எரிசாராயமாக்கிப் பெட்ரோலிலே சேர்க்கலாம் என்று 1930-களின் பிற்பகுதியிலே ஐக்கிய மாகாணமும் பீகாரும் ஆராய்ந்தன. இரண்டாம் உலகப் போர் வந்ததும் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. நம் பக்கத்திலே பஸ்ஸுக்குப் பின்னாலே அடுப்பு கட்டி, கரி வாயுவிலே ஓட்டியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த நெருக்கடியிலே வடக்கே எரிசாராயமும் பெட்ரோலோடு கலந்து ஓடியது.

சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-இல், இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. பெட்ரோலிலே எரிசாராயம் கலக்க வழிசெய்கிற சட்டம். ஆனால் 1950-களிலே பம்பாய்க்குப் பக்கத்தில் டிராம்பேயில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. எரிசாராயத்தை ரசாயனத் தொழிற்சாலைகள் கேட்டு வாங்கிக்கொண்டன. சட்டம் ஏட்டிலே இருந்தது. பெட்ரோல் பங்கிலே கலப்பு இல்லை. 2000-ஆம் ஆண்டிலே அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள்.

இடைவெளியிலே பிறந்த வண்டிகள்

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. எரிசாராயம் பெட்ரோலை விட்டு விலகியிருந்த அந்த ஏறத்தாழ ஐம்பது வருஷ இடைவெளியிலேதான் நம் வண்டிகளெல்லாம் பிறந்தன.

1955-இல் சென்னையிலே என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரிலிருந்து புல்லட் வந்தது. 1960-களின் தொடக்கத்திலே மைசூரிலிருந்து ஜாவா வந்தது. பிற்பாடு அது யெஸ்டி ஆனது. அதே சமயத்திலே எஸ்கார்ட்ஸ் கம்பெனி, போலந்து நாட்டு மாதிரியை வைத்து ராஜ்தூத் வண்டியைக் கொண்டுவந்தது. பால்காரர் வண்டி என்றே அதற்குப் பேர். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது, உர மூட்டை, புல்லுக்கட்டு, தண்ணீர்க் குடம் எல்லாம் அதன் தலையிலே ஏறின. 1984, 85-இல் ஜப்பான் கூட்டோடு 100 சி.சி. வண்டிகள் வந்தன.

இந்த வண்டிகளிலே போட்ட ரப்பர் டியூப், பெட்ரோல் டேப்பின் தக்கை, வாஷர், கார்புரேட்டர் ஜெட்டின் துளை எல்லாம் அன்றைக்கு விற்ற சுத்தப் பெட்ரோலுக்காக அளவெடுத்தவை. வடிவமைத்தவர்கள் மேல் தப்பில்லை. வருங்காலத்திலே டேங்கிலே ஐந்திலொரு பங்கு எரிசாராயம் வரும் என்று அவர்கள் எப்படிக் கண்டார்கள்? வறட்சி தாங்கும் ரகத்தைத் தண்ணீர் தேங்குகிற வயலிலே நட்டால் ரகத்தைக் குறை சொல்ல முடியுமா?

பிரேசில்காரர்கள் செய்தது

இதே ஐம்பது வருஷத்திலே இன்னொரு நாடு வேறு வழியிலே போனது. தென் அமெரிக்காவிலே பிரேசில். நம்மைப் போலக் கரும்பு நாடு. 1931-லேயே இறக்குமதிப் பெட்ரோலில் 5 சதம் எரிசாராயம் கலக்க அந்த அரசு ஆணையிட்டது. 1973-இல் எண்ணெய் விலை திடீரென்று ஏறியபோது உலகமே தடுமாறியது. பிரேசில் 1975-இல் "ப்ரோ-ஆல்கூல்" என்ற பெரிய திட்டத்தைத் தொடங்கியது. 1979-இல் முழுக்க எரிசாராயத்திலே ஓடுகிற ஃபியட் 147 கார் வந்தது. 1980-களின் நடுவிலே அங்கே விற்ற புதுக் கார்களிலே பத்துக்கு ஒன்பதுக்கு மேல் எரிசாராய வண்டி.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? 1989-ஐ ஒட்டி உலகச் சந்தையிலே சர்க்கரை விலை கூடியது. ஆலைகள் கரும்பைச் சர்க்கரைக்குத் திருப்பின. பங்குகளிலே எரிசாராயம் இல்லை. எரிசாராய வண்டி வாங்கியவர்கள் வரிசையிலே நின்று வெறுத்துப் போனார்கள். மறுபடி நம்பிக்கை வரப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. 2003-இல் எந்தக் கலவையிலும் ஓடுகிற கார் வந்தது. 2009-இல் ஹோண்டா கம்பெனி அதே மாதிரி மோட்டார் சைக்கிளை அங்கே விற்றது. உலகத்திலேயே அதுதான் முதல். 2025 ஆகஸ்ட் முதல் அங்கே சாதாரணப் பெட்ரோலிலேயே 30 சதம் எரிசாராயம்.

"அங்கே பல வருஷமாக ஓடுகிறதே, இங்கே மட்டும் என்ன கோளாறு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிரேசிலிலும் கார்புரேட்டர் வைத்த மோட்டார் சைக்கிள்கள் 20 சதத்துக்கு மேல் எரிசாராயம் கலந்த பெட்ரோலிலே வருஷக்கணக்காக ஓடியிருக்கின்றன. ஆனால் அந்த வண்டிகளைத் தொழிற்சாலையிலேயே அதற்கென்று செய்தார்கள். ஜெட் அளவு வேறு, ரப்பர் வேறு, டேங்கின் உள்பூச்சு வேறு. அங்கே எரிபொருளும் வண்டியும் சேர்ந்தே வளர்ந்தன. நம்மிடத்திலே வண்டி முன்னே வந்துவிட்டது. எரிபொருள் பின்னே மாறியது.

திரும்பி வந்த எரிசாராயம்

நம் நாட்டிலே 2001-இல் மகாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். 2003 ஜனவரியிலே 9 மாநிலங்களில் 5 சதம் கலக்க ஏற்பாடாயிற்று. அதிலே தமிழ்நாடும் ஒன்று. அடுத்து வந்த வறட்சியிலே கரும்பு காய்ந்தது; எரிசாராயமும் வரவில்லை, திட்டமும் தளர்ந்தது. 2006-இல் மீண்டும் விரிவு செய்தார்கள். ஆனாலும் 2013-14-இல் நாடு முழுக்கக் கலந்தது சராசரி ஒன்றரை சதம்தான். பழைய வண்டிகள் அதை உணரவே இல்லை.

2018-இல் புதிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. பாகு மட்டுமல்லாமல் கரும்புச் சாறு, உடைந்த அரிசி, மக்காச்சோளம் முதலானவற்றிலிருந்தும் எரிசாராயம் எடுக்க வழி பிறந்தது. அதன் பிறகு வேகம்தான். 2022 ஜூனிலே 10 சதம் எட்டியது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவிலே பிரதமர் நரேந்திர மோடி 20 சதம் கலந்த இ-20 பெட்ரோலைத் தொடங்கி வைத்தார். 2030-க்கு என்று வைத்திருந்த 20 சத இலக்கை 2025-லேயே எட்டிவிட்டார்கள்.

அதாவது, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் ஒன்றரை சதம் இருபது சதமாயிற்று. 2023 ஏப்ரல் முதல் வருகிற புது வண்டிகளை இ-20 தாங்கும்படி செய்கிறார்கள். அதற்கு முந்திய வண்டிகளுக்கு வேறு பெட்ரோல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று அந்த மனு தள்ளுபடியாயிற்று. ஆக, நம் ஊர்ப் பங்கிலே கிடைக்கிற சாதாரணப் பெட்ரோல் இதுதான். இதை வைத்துக்கொண்டு பழைய வண்டியை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் நம் முன்னே உள்ள காரியம்.

பழைய வண்டிக்குள் நடப்பது

எரிசாராயத்துக்கு மூன்று குணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

முதலாவது, சூடு குறைவு. ஒரு லிட்டர் எரிசாராயத்திலே, ஒரு லிட்டர் பெட்ரோலிலே இருக்கிற சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. ஐந்திலொரு பங்கு கலந்தால் மொத்தத்தில் ஏறத்தாழ 7 சதம் சக்தி குறையும். 10 சதக் கலவைக்குச் சரிசெய்த இருசக்கர வண்டியிலே 3, 4 சதம் மைலேஜ் குறையும் என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி 48 ஓடும். எந்தச் சரிசெய்தலும் இல்லாத பழைய வண்டி 46, 47-க்கு இறங்கலாம். பாதியாகக் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அங்கே வேறு கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

இதோடு சேர்ந்தது காற்றுக் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எரிசாராயத்துக்கு 9 கிலோ போதும்; அதற்குள்ளேயே கொஞ்சம் பிராணவாயு இருக்கிறது. பழைய கார்புரேட்டரின் ஜெட் துளைக்கு இது தெரியாது. முன்பு விட்ட அளவே விடும். அதனாலே கலவையிலே காற்று மிஞ்சும், எரிபொருள் குறையும். இதை "லீன்" என்பார்கள் மெக்கானிக்குகள். காலையிலே பத்து உதை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. முடுக்கினால் இழுக்காது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். புது வண்டிகளிலே இதை உணர்ந்து தானே சரிசெய்கிற கருவி இருக்கிறது. பழையதிலே நாம்தான் செய்ய வேண்டும்.

எரிசாராயத்தாலே நன்மை இல்லையா? உண்டு. முன்னே சொன்ன தட்டலை அது அடக்கும். ஈயம் செய்த வேலையை நஞ்சில்லாமல் செய்கிறது. ஆனால் பழைய வண்டியின் எஞ்சின் அழுத்தம் குறைவு. அதனால் இந்த நன்மை அதற்குப் பெரிதாகப் பயன்படாது.

இரண்டாவது குணம், தண்ணீர் மேல் ஆசை. பெட்ரோலும் தண்ணீரும் ஒட்டாது, எரிசாராயம் ஒட்டும். காற்றின் ஈரத்தைக்கூட இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் கலவை தாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் எரிசாராயமும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியிலே தங்கிவிடும். மழைக்காலத்திலே மூடி சரியில்லாத வண்டியை இருபது நாள் வாசலிலே நிறுத்தினால் இதுதான் நடக்கும். ரிசர்விலே திருப்பினதும் வண்டி நிற்பதற்கு இது ஒரு காரணம். ரிசர்வ் அடிமட்டத்திலிருந்து அல்லவா எடுக்கிறது? ஆயில் கலந்து ஊற்றுகிற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளிலே ஆபத்து இன்னும் அதிகம். ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். அடியிலே உள்ள தண்ணீர்ச் சரக்கு ஆயில் இல்லாமல் எஞ்சினுக்குப் போகும். பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது குணம், கரைப்பது. தச்சு ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டிலே போட்டுக் கரைத்துக் கதவுக்குப் பாலிஷ் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பிரிட் என்பது எரிசாராயம்தான். பழைய வண்டிகளின் அரக்குப் பூச்சு, பழைய ரப்பர், சில பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அது இளக்கும். டியூப் ஊதிக் கொழகொழவென்று ஆகும், இல்லாவிட்டால் வெடிக்கும். இருபது வருஷமாக டேங்கிலே ஒட்டியிருந்த துருவையும் பிசினையும் பெயர்த்துக் கொண்டுவந்து ஜெட்டை அடைக்கும். தண்ணீரும் சேர்ந்தால் கார்புரேட்டரின் உள்ளே வெள்ளையாகப் பொடி பூக்கும்.

டியூப் வெடிப்பதை லேசாக எண்ணாதீர்கள். என்னுடைய வண்டியிலேயே ஒரு முறை இது நடந்தது. வழியிலே பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்தது. இறங்கிப் பார்த்தால், கொதிக்கிற எஞ்சின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கடவுள் புண்ணியம், நெருப்புப் பிடிக்கவில்லை. மைலேஜ் குறைந்தால் காசு போகும். டியூப் ஒழுகினால் உயிரே போகும்.

என்ன செய்யலாம்

1. முதல் வேலை, பெட்ரோல் டியூபை மாற்றுங்கள். கடையிலே எத்தனால் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் டேப்பின் வாஷர், தக்கை, கார்புரேட்டரின் ரப்பர் வளையங்கள் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றுவது நல்லது. மாதம் ஒரு முறை டியூபைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கொழகொழத்தாலும் வெடித்தாலும் அன்றே மாற்றுங்கள்.

2. டேங்கைக் கழற்றி, உள்ளே இருக்கிற துருவைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். டியூபுக்கு நடுவிலே சின்ன பில்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்திலே அது சீக்கிரம் அடைக்கும், பயப்படாமல் மாற்றுங்கள்.

3. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பித்தூள் நிறமாக இருந்தால் கலவை சரி. சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்திருந்தால் லீன். மெக்கானிக்கிடம் சொல்லி ஏர் ஸ்குரூவைச் சரிசெய்யுங்கள். போதாவிட்டால் ஒன்றிரண்டு நம்பர் பெரிய ஜெட் போடச் சொல்லுங்கள். நீங்களாகவே ஜெட்டிலே ஊசியை விட்டுக் குடையாதீர்கள்.

4. டேங்க் மூடியின் வாஷரைப் பாருங்கள். வண்டியைக் கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். அரை டேங்கை விட நிறைந்த டேங்கிலே ஈரக்காற்றுக்கு இடம் குறைவு.

5. இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டேப்பை மூடி, கார்புரேட்டரிலே உள்ளது தீரும் வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். மாதக் கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் வடித்துவிடுங்கள். பவர் ஸ்பிரேயர், புல்வெட்டும் கருவி, பெட்ரோல் பம்புசெட் இவற்றுக்கும் இதே முறைதான். அவை பருவத்துக்கு ஒரு முறை ஓடி மற்ற நாளெல்லாம் மூலையிலே கிடப்பவை.

6. டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆயிலை அவ்வப்போது புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். பல நாள் கேனிலே வைத்ததை ஊற்றாதீர்கள்.

கலவை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் ஒரு சோதனை சொல்கிறேன். மருந்து அளக்கிற கண்ணாடிக் குழாயிலே 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்திலே இரண்டு அடுக்காகப் பிரியும். அடி அடுக்கு 10 மில்லியாகவே நின்றால் எரிசாராயம் இல்லை. 28-ஐ ஒட்டி ஏறினால் 20 சதக் கலவை. ஊற்றினது 10, மற்ற 18 மில்லி எங்கிருந்து வந்தது? பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்த எரிசாராயம் அது. வெளியிடத்திலே, பீடி, அடுப்பு, தீப்பெட்டி பக்கத்திலே இல்லாமல் செய்யுங்கள். சோதித்த பெட்ரோலை மறுபடி டேங்கிலே ஊற்றாதீர்கள். சிலர் பெட்ரோலைத் தண்ணீரிலே "கழுவி" எரிசாராயத்தை எடுத்துவிட்டு ஊற்றுவதாகக் கேள்விப்படுகிறேன். வேண்டவே வேண்டாம். தட்டலை அடக்கும் சக்தி போய்விடும், ஈரம் தங்கிவிடும், கேன் கேனாகப் பெட்ரோலைக் கையாள்வதிலே தீ அபாயமும் உண்டு.

செலவும் வரவும்

நம் பெரியவர் கதை என்னாயிற்று என்று கேட்பீர்கள். அவர் வண்டி டேங்கின் அடியிலே ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர்ச் சரக்கு தேங்கியிருந்தது. டியூப் கைபட்டதும் பிய்ந்தது. ஜெட்டிலே துருச்சேறு. பட்டறைத் தம்பி ஒருவர் அரை நாளிலே எல்லாம் சரிசெய்தார். கூலியோடு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

வண்டி ஓடத் தொடங்கியதும் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "சரி சார், பெட்ரோலை மாத்தினது அவங்க, ரப்பரை மாத்துற செலவு மட்டும் என்னோடதா?" என்றார். அதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் கிடையாது. இந்த மாற்றத்தின் சில்லறைச் செலவு பழைய வண்டி வைத்திருக்கிறவர் தலையிலேதான் விழுந்திருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது சரியல்ல.

மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து ஏறத்தாழ 380 லிட்டர் எரிசாராயம் கிடைக்கிறது. 2023-24-இல் நாட்டின் எரிசாராயத்துக்கு மற்ற எல்லாவற்றையும் விட மக்காச்சோளமே அதிகம் உதவியது. முன்பு கோழித்தீவனக்காரர் ஒருவரை நம்பியிருந்த சோளத்துக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. அதே சமயம் நாமக்கல் கோழிப்பண்ணையார்கள் தீவனம் விலையேறிவிட்டது என்று வருந்துகிறார்கள். சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-இல் பெருமளவு இறக்குமதி செய்தது. 2023 டிசம்பரிலே சர்க்கரை போதாது என்று கரும்புச் சாற்றை எரிசாராயத்துக்குத் திருப்புவதற்கு அரசே கட்டுப்பாடு போட்டது. அடுத்த வருஷம் தளர்த்தியது. பிரேசிலிலே 1989-இல் நடந்ததை மறக்கக் கூடாது. எரிசாராயத்தை மட்டும் நம்பி நிலம் முழுவதும் ஒரே பயிர் போடாதீர்கள். பயறு, பருத்தி, எள் என்று மாற்றிப் போடுங்கள்.

2000-த்தில் ஈயத்தை எடுத்தபோதும், பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கை தேய்ந்து வண்டியெல்லாம் குப்பைக்குப் போகும் என்று பயந்தார்கள். எண்ணெய் மாற்றி, சமயத்திலே வால்வு பார்த்து ஓட்டியவர்களின் வண்டி அதன் பிறகும் ஓடியது. இந்த முறையும் அப்படித்தான். கவனித்தால் பழைய வண்டி இன்னும் பல வருஷம் பால் சுமக்கும்.

ஆகவே, அடுத்த மழை பிடிப்பதற்குள் உங்கள் வண்டியின் டியூபை ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். இன்றே பார்த்தால் இன்னும் நல்லது.